ஃபிரேமை மாத்தாதீங்க, புண்ணியமாப் போகும்

"வீடியோ தட்டித் தட்டி ஓடுது, நல்ல ப்ளேயர் ஒண்ணு சொல்லுங்களேன்." கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும்னு பேர் வாங்கிட்டா இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது. ப்ளேயரை மாத்து, ரேம் ஏத்து, கிராபிக்ஸ் கார்டு போடுன்னு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வாங்க. என் கட்சி வேற. பெரும்பாலும் நோய் ப்ளேயர்ல இல்லை, ஃபைல்லயே இருக்கு. யாரோ ஒரு புண்ணியவான் நடுவுல 25ஐ 30 ஆக்கியிருப்பார், இல்லைன்னா 30ஐ 25. அதுவும் யாரும் கேட்காமலே.

இது வெறும் கணக்குதாங்க. சினிமா பேச ஆரம்பிச்ச காலத்திலிருந்து நொடிக்கு 24 ஃபிரேம். நம்ம ஊர் டிவி 25. அமெரிக்க டிவி 30. அதையும் 1953ல் கலர் வந்தப்போ 29.97ன்னு ஆக்கி வெச்சாங்க (அந்தப் புள்ளிக்கு அப்புறம் இருக்கிற கொசுறு கொடுக்கிற தலைவலிக்குத் தனியா ஒரு கச்சேரி வைக்கலாம்). இந்த எண்கள் ஒண்ணுக்கொண்ணு மீதியில்லாம வகுபடாது. அந்த மீதிதான் கண்ணுக்குத் தெரியிற அந்தக் குலுக்கல்.

25ஐ 30 ஆக்கணும்னா நொடிக்கு 5 ஃபிரேம் குறையுது. கன்வெர்ட்டர் ரொம்ப யோசிக்காது. அஞ்சு ஃபிரேமுக்கு ஒண்ணை ரெண்டு தடவை காட்டிட்டு வேலையை முடிச்சிடும். ஆள் உட்கார்ந்து பேசிட்டிருக்கிற காட்சியில் இது தெரியாது. மாப்பிள்ளை அழைப்புல காரோட சேர்ந்து கேமரா மெதுவாத் திரும்பும் பாருங்க, அங்க மாட்டிக்கும். நொடிக்கு அஞ்சு விக்கல். 30ஐ 25 ஆக்கினா உல்டா, ஆறில் ஒண்ணு குப்பைக்குப் போயிடும். நிக்கிறதுக்குப் பதிலா குதிக்கும்.

பழைய ஆட்களுக்கு இதெல்லாம் நல்லாவே தெரிஞ்சிருந்தது. 24 ஃபிரேம் சினிமாவை 25 ஃபிரேம் டிவியில் போட அவங்க எந்த ஃபிரேமையும் சேர்க்கலை. படத்தையே 4 சதவீதம் வேகமா ஓட்டிட்டாங்க. 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்துல முடிஞ்சிடும், குரல் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் கம்மியா ஏறும். அதனால என்ன? ஒரு குலுக்கல் கிடையாது. சுதி ஏறினதையும் இன்னிக்கு சாஃப்ட்வேர்ல இறக்கிடலாம். அமெரிக்காக்காரங்க செஞ்ச 3:2 புல்டவுன் கொஞ்சம் நொண்டும்தான், ஆனா அதுலயும் ஒரு ஒழுங்கு இருக்கு. நாலு ஃபிரேமை பத்து அரை ஃபிரேமாப் பிரிச்சு வைப்பாங்க. தாளம் தெரிஞ்சா திருப்பிப் பிரிச்சு அதே 24ஐ சுத்தமா எடுத்துடலாம்.

எடுக்கவே முடியாதது எது தெரியுமா? கலக்கிறது. விக்கல் தெரியக்கூடாதுன்னு ஒரு ஃபிரேமையும் அடுத்ததையும் குழம்பு மாதிரி கலந்து விடுறது. 2000களில் வெளிநாட்டுச் சந்தைக்காக வந்த நம்ம சினிமா டிவிடி ஏதாவது இருந்தா, ஒரு சண்டைக் காட்சியில் பாஸ் பண்ணிப் பாருங்க. ஹீரோவுக்கு நாலு கை தெரிஞ்சா அது சாமி படம்னு அர்த்தமில்லை :-)

சினிமாவாவது போகட்டும், அதுக்கு எங்கயாவது நெகட்டிவ் இருக்கும். எனக்கு வயித்தெரிச்சல் வீட்டு டேப்கள்தான். விஹெச்எஸ்ஸோ, மினி டிவியோ, நம்ம ஊர்ல எடுத்தது எல்லாம் நொடிக்கு 25 முழு ஃபிரேம் இல்லை, 50 அரை ஃபிரேம். ஒத்தைப்படை வரி ஒரு தடவை, இரட்டைப்படை வரி ஒரு தடவை. அதாவது அசைவை அந்தக் கேமரா நொடிக்கு 50 தடவை பதிவு பண்ணியிருக்கு. பழைய டியூப் டிவியில் அது வழுக்கிக்கிட்டு ஓடினதுக்குக் காரணம் அதுதான். எங்க வீட்டு 1998 கல்யாண டேப் ஒண்ணை ஒரு கடையில் டிஜிட்டலாக்கக் கொடுத்தோம். 30 ஃபிரேம் எம்பி4 ஆகத் திரும்பி வந்தது. ஐம்பதில் பாதியை முதல்ல தூக்கிப் போட்டுட்டு, மிச்சம் இருக்கிற 25க்கு நடுவுல அஞ்சு டூப்ளிகேட்டைச் சொருகியிருக்காங்க. எங்க தாத்தா நடந்து வர்ற காட்சி அந்த டேப்ல மட்டும்தான் இருக்கு. மனுஷன் மிலிட்டரி நடை நடப்பார், ஃபைல்ல பார்த்தா முட்டி வலிக்காரர் மாதிரி வர்றார். நல்லவேளையா டேப் எங்க கையிலதான் இருக்கு. பல வீட்டுல ஃபைல் வந்த கையோட டேப் பழைய பேப்பர்காரருக்குப் போயிடுது.

இதுக்கு மருந்து லேசானது. அந்த 50 அரை ஃபிரேமையும் 50 முழு ஃபிரேமா விரிக்கணும். எஃப்எஃப்எம்பெக்கில் பிடபிள்யூடிஃப் ஃபில்டர் இதை இலவசமாச் செய்யும். பொறுமை இருக்கிறவங்க ஏவிசிந்த்ல க்யூடிஜிஎம்சி போடலாம், ராத்திரி பூரா ஓடும், காலையில பார்த்தா அசந்து போவீங்க. ஒண்ணே ஒண்ணு, எந்த அரை முதல்ல வருதுங்கிறதைச் சரியாச் சொல்லணும். மினி டிவி டேப்ல கீழ் அரைதான் முதல். மாத்திச் சொன்னா ஆள் ரெண்டு அடி முன்னால, ஒரு அடி பின்னாலன்னு உதறுவார். அதைப் பார்த்துட்டு டேப் கெட்டுப் போச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க.

ஏற்கெனவே கெட்ட ஃபைல் மட்டும்தான் இருக்குன்னா, விஎல்சியில் திறந்து, கேமரா நகர்ற இடத்துல ஆங்கில ‘ஈ’ எழுத்தைத் தட்டித் தட்டிப் பாருங்க. ஒவ்வொரு ஃபிரேமா நகரும். ஆறுக்கு ஒண்ணு அசையாம நின்னா, 25ஐ 30 ஆக்கின கேஸ். டெசிமேட் ஃபில்டர்ல ஆறுக்கு ஒண்ணைத் தூக்கச் சொன்னா 25 திரும்ப வந்துடும். குதிக்குதுன்னா போனது போனதுதான்.

"இவ்வளவு எதுக்கு, டிவியிலயே ஸ்மூத் பண்ற ஆப்ஷன் இருக்கே?" இருக்கு. நடுவுல இல்லாத ஃபிரேமை டிவியே கற்பனை பண்ணி வரையும். முதல்ல, விக்கல் இருக்கிற ஃபைலுக்கு அது உதவாது, டூப்ளிகேட்டுக்கும் நிஜத்துக்கும் நடுவுல வரைஞ்சு விக்கலுக்கு பாலிஷ்தான் போடும். ரெண்டாவது, மணிரத்னம் படம் சீரியல் மாதிரி ஆயிடும். டாம் க்ரூஸ் 2018 டிசம்பர்ல, இதை ஆஃப் பண்ணுங்கய்யான்னு தனியா வீடியோவே போட்டார். அடுத்த வருஷம் டிவி கம்பெனிகளே சேர்ந்து ஃபிலிம்மேக்கர் மோடுன்னு ஒண்ணை அறிவிச்சாங்க. இட்டு நிரப்புறதே பாவம்னு நான் சொல்லலை. பீட்டர் ஜாக்சன் 2018ல் முதல் உலகப் போர் ஃபிலிம்களை எடுத்து, இல்லாத ஃபிரேம்களை வரைஞ்சு 24 ஆக்கினார். அங்க வேற வழி இல்லை, கையால சுத்தின கேமரா. நமக்கு வழி இருக்கே.

இப்பக் கல்யாண வீடியோ எடுக்கிற தம்பிங்களுக்கு. ஒரு கேமரா 25, ட்ரோன் 30, ‘சினிமாட்டிக்’ஆ இருக்கணும்னு இன்னொண்ணு 24, நடுவுல மச்சான் செல்போன்ல எடுத்தது. போன்ல இன்னொரு வில்லங்கம், மண்டபத்துல வெளிச்சம் குறைஞ்சா அதுவே ரேட்டைக் குறைச்சுக்கும். அதை எடிட்டிங்குக்கு முன்னாலயே நிலையான ரேட்டுக்குக் கொண்டு வந்துடுங்க. மத்ததையெல்லாம் எடுக்கும்போதே ஒரே எண்ணுக்கு வைக்க மெனுவுல ரெண்டு நிமிஷம்தான் ஆகும். 60ல எடுத்துட்டீங்களா? அந்தத் துண்டை 25ல நிதானமா ஓட்டி ஸ்லோமோஷன்னு சொல்லிடுங்க, ஒரு ஃபிரேமும் வீணாகாது. யூடியூப்ல 30தான் ஏறும்ங்கிறதும் கட்டுக்கதை. 24, 25, 50 எல்லாம் ஏறும், எடுத்த ரேட்லயே ஏத்துங்கன்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க.

நியாயமா ஒண்ணு ஒத்துக்கணும். 25 ஃபிரேம் ஃபைலை 60 ஹெர்ட்ஸ் லேப்டாப்ல பார்த்தா கொஞ்சம் தட்டத்தான் செய்யும், 2.4 தடவைன்னு திரை காட்ட முடியாதே. அதுக்காக ஃபைலை 30 ஆக்காதீங்க. திரையை 50க்கு மாத்துங்க, பல டிவி, மானிட்டர்கள்ல முடியும். திரை நாளைக்கு மாறும், ஃபைல் அப்படியே கிடக்கும்.

டேப் இன்னும் பீரோவுல இருக்கிறவங்க, கடைக்குப் போனா இதைக் கேட்டு வாங்குங்க: "எதையும் மாத்தாம, இன்டர்லேஸ்டாவே, 25லயே குடுங்க. மினி டிவின்னா டேப்ல இருக்கிற டேட்டாவை அப்படியே எடுத்துக் குடுங்க." ஃபைல் ரொம்பப் பெருசா வரும் சார்னு இழுப்பாங்க. ஒரு மணி நேர டேப்புக்கு 13 ஜிபி கிட்ட வரும். 64 ஜிபி பென்டிரைவ் ஒண்ணை நீங்களே வாங்கிட்டுப் போய் மேசை மேல வைங்க.