லேசான ரைபிள், கனமான கணக்கு

வேட்டைக்குப் போகிறவர் துப்பாக்கியைச் சுடுவது ஒரு விநாடி. சுமப்பது நாள் முழுக்க. எடை குறைந்த ரைபிளுக்காக வாதாடுகிறவர்கள் முதலில் எடுத்து வைக்கும் நியாயம் இது. மலையேறிப் பழகிய யாரும் இதை மறுக்கமாட்டார்கள். ஆனால் சுமக்கும்போது மிச்சமாகும் ஒவ்வொரு கிராமுக்கும் சுடும்போது கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. ரைபிள் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.

முதல் கணக்குக்கு ஜிம் கார்பெட்டைவிட நல்ல சாட்சி இந்தியாவில் இல்லை. குமாவுன் மலைப்பகுதியில் சௌகட் பெண்புலியும் அதன் வளர்ந்த குட்டியும் 1925 முதல் 1930 வரை 64 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கு. குட்டி முதலிலேயே சுடப்பட்டுவிட்டது. 1930 ஏப்ரல் 11 அன்று காலா அகர் அருகே ஓர் ஓடைப் படுகையில், பாறையைச் சுற்றி வந்த கார்பெட் எட்டடி தூரத்தில் தாயை நேருக்கு நேர் பார்த்தார். பறவை முட்டைகள் சேகரிக்கும் ஆசையில் அப்போதுதான் இரண்டு முட்டைகளை எடுத்து இடது கையில் வைத்திருந்தார். மிச்சமிருந்தது வலது கை மட்டும். அந்த ஒற்றைக் கையால் .275 ரைபிளை முக்கால் வட்டம் மெதுவாகச் சுழற்றி, கையை முழுக்க நீட்டியபடியே சுட்டார். புலி விழுந்தது. உயிர் தப்பியதற்கு அவர் பின்னர் சொன்ன காரணங்களில் ஒன்று, ரைபிள் லேசானது என்பது. நாலரை, ஐந்து கிலோ கனக்கும் இரட்டைக்குழல் ரைபிள் கையில் இருந்திருந்தால் அந்தக் கை பாதி வழியிலேயே தளர்ந்திருக்கும்.

கார்பெட் வைத்திருந்தது போல்ட் ஆக்‌ஷன் ரகம். ஏறத்தாழக் கதவுத் தாழ்ப்பாள்தான். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டாக் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி மடக்கினால் அடுத்த தோட்டா குழலில் ஏறிப் பூட்டிக்கொள்ளும். ஜெர்மனியின் பால் மௌசர் செம்மைப்படுத்திய அமைப்பு 1898ல் அந்நாட்டு ராணுவத்துக்கு வந்தது. இன்றைய போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைபிள்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் அதன் வாரிசுகள். ஒரே குழல், எளிமையான உறுப்புகள் என்பதால் எடையைக் குறைப்பது இதில் சுலபம்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் இரண்டாவது கணக்கு தொடங்குகிறது. 4 கிலோ ரைபிளை 3 கிலோவாக்கினால், அதே தோட்டாவுக்குத் தோளில் விழும் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். இது பௌதிக விதி. எந்தக் கம்பெனியின் விளம்பரமும் இதை மாற்ற முடியாது. உதைக்குப் பயந்த கை விசையை வெடுக்கென்று இழுக்கும். கண் தானாக மூடிக்கொள்ளும். குண்டு எங்கேயோ போகும். பயம் மனசில் இருப்பதால், கனமான ரைபிளுக்கு மாறிய பிறகும் அது சீக்கிரம் போவதில்லை.

கார்பெட்டின் ரைபிள் தப்பித்தது அதன் தோட்டாவால். .275 ரிக்பி என்பது லண்டன் துப்பாக்கி நிறுவனமான ரிக்பி வைத்த பெயர். உள்ளே இருப்பது மௌசரின் 7×57 மி.மீ. தோட்டா. 1893ல் ஸ்பெயின் ராணுவம் ஏற்றுக்கொண்டது. 1899ல் தொடங்கிய போயர் யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு எதிராகவே வெடித்தது. இன்று கிடைக்கும் 7×57 தோட்டாக்கள் 9 கிராம் குண்டை விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் அனுப்புகின்றன. மானுக்கும் பன்றிக்கும் அது தாராளம். 1963ல் வந்த .300 வின்செஸ்டர் மாக்னம் தோட்டாவோடு ஒப்பிட்டால் உதை சுமார் பாதிதான். லேசான ரைபிள் வேண்டுமென்றால் முதலில் சாதுவான தோட்டாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடை அதற்குப் பிறகு. பலர் செய்வது தலைகீழ்: இருப்பதிலேயே மூர்க்கமான தோட்டாவையும் இருப்பதிலேயே லேசான ரைபிளையும் ஜோடி சேர்க்கிறார்கள்.

எடையை எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். மலிவான வழி குழலை மெலிதாக்குவது. மெலிந்த குழல் மூன்று நான்கு வெடிகளில் சூடேறி, குண்டுகள் சிதறத் தொடங்கும். ஆறிய குழலின் முதல் குண்டையே நம்பும் வேட்டைக்காரருக்கு இது பெரிய குறையில்லை. ஆனால் முனை லேசானால், மூச்சு வாங்கும்போது குறி அலைபாயும். அது பெரிய குறை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1980களில் மெல்வின் ஃபோர்ப்ஸ் வேறு வழி பிடித்தார். வால்நட் மரத்துக்குப் பதிலாக அரைக் கிலோ அளவே எடையுள்ள செயற்கை இழைக் கட்டையைப் பொருத்தி, மொத்த ரைபிளை இரண்டேகால் கிலோவுக்குள் கொண்டுவந்தார். குழலில் கை வைக்கவில்லை. மழையில் ஊறி உப்பாத கட்டை என்பது கூடுதல் லாபம்.

கேட்லாக்கில் அச்சாகும் எடை வெறும் ரைபிளின் எடை. டெலஸ்கோப்பும் அதன் பிடிகளும் சேர்ந்தால் அரைக் கிலோ கூடும். வார், தோட்டாக்கள் தனி. எல்லாம் சேர்த்து மூன்றுக்கும் மூன்றரைக்கும் இடையே நின்றால், 7×57 போன்ற தோட்டாவுக்கு அது நடுநிலையான எடை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? பதில் கார்பெட்டின் ரைபிளிலேயே இருக்கிறது. கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டின்படி, சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907ல் கொன்றதற்காக ஐக்கிய மாகாண லெஃப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட் கொடுத்த பரிசு அது. அந்தப் புலி 436 பேரைக் கொன்றதாகச் சொல்கிறார்கள். செத்த புலியின் வாயைப் பார்த்தபோது வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டு. இயல்பான இரையைக் கொல்ல முடியாமல் அது மனிதர்களைத் தேடி வந்ததற்கு அந்தக் காயமே காரணம் என்பது கார்பெட்டின் முடிவு. சரியாகப் படாத ஒரு குண்டுக்கு ஒரு மலைநாடே விலை கொடுத்தது.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972ல் வந்த பிறகு இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆனால் கேள்வி காலாவதியாகவில்லை. 2016ல் பீகாரின் மொகாமாவில் பயிரை அழித்த நீலகாய்களை அரசு அனுமதியோடு சுட்டார்கள். கேரளத்தில் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதிக்கும் அதிகாரம் 2022ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கும் கிடைத்தது. இப்படி அழைக்கப்படும் லைசென்ஸ்தாரருக்கு வெளிநாட்டு ரைபிளை இறக்குமதி செய்வது ஆகாத காரியம். கைக்கு எட்டும் போல்ட் ஆக்‌ஷன்களில் பிரபலமானது, லீ என்ஃபீல்டு வழியில் வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை செய்த .315. ராணுவத் தோட்டா பொதுமக்களிடம் இருக்கக் கூடாது என்ற பிரிட்டிஷ் காலக் கவலையின் மிச்சம் அந்த அளவு. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. தவறாக வாங்கிவிட்டு இன்னொன்று பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதி குறைவு.

கடையில் கையில் வாங்கியதும் ‘லேசாக இருக்கிறதே’ என்று மகிழ்வது யாருக்கும் இயல்பு. அதில் தீர்ப்பு இல்லை. மேட்டில் விறுவிறுவென்று ஏறி நின்று, மூச்சு அடங்குவதற்கு முன் தோளில் வைத்தால் குறி நிற்கிறதா? சுடுதளத்தில் பத்தாவது தோட்டாவிலும் கண் திறந்தே இருக்கிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் அந்த ரைபிளின் எடை சரி. ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும், கூடுதலாக ஒரு அரைக் கிலோவைச் சுமந்துவிடுவதே மேல்.