விளங்காதவர் யார்?

"பாமர மக்களுக்கு இது விளங்காது" என்பது, நம் நாட்டுச் செயற்றிட்டங்கள் இடறும்போதெல்லாம் வழங்கப்படும் ஆயத்தத் தீர்ப்பாகும். கரவெட்டியிலே கிணற்று நீரை நம்பி வாழும் குடும்பமொன்றிற் பிறந்தவன் என்ற வகையில், இத்தீர்ப்பை ஏற்க மறுக்கின்றேன்.

குடாநாட்டின் சுண்ணக்கற் படையிலே, மழை தந்த நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழுள்ள உவர் மேலெழும். இதனை நீரியலாளர் அளவீட்டிற் காண்கின்றார். கமக்காரர் நாவிற் காண்கின்றார். உரத்திலிருந்து கிணற்றிற் கலக்கும் நைத்திரேற்றையோ நா அறியாது, ஆய்வுகூடமே அறியும். எனவே, ஒருவர் அறிவு மற்றவருக்கு இன்றியமையாதது. ஆயினும், இருவரும் ஒரே மேசையில் அமர்வது அரிது. அமர்ந்தாலும் ஒருவர் பேச மற்றவர் தலையசைப்பதே வழக்கம்.

இரணைமடுவை நோக்குவோம். அக்குளத்து நீரையும் யாழ்ப்பாணத்துக்குக் கொணரும் செயற்றிட்டத்துக்கு 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி நிதியுதவி வழங்க இசைந்தது. அணையை உயர்த்தினால் இரு சாராருக்கும் நீர் போதும் என்றனர் திட்டமிட்டோர். வரட்சி ஆண்டில் எம் வயலுக்கு என்ன கதி என்றனர் கிளிநொச்சிக் கமக்காரர். அவ்வினா அறியாமையா? அன்று, அது அனுபவத்தின் கணக்கு! எதிர்ப்பின் பின் கடல்நீரை நன்னீராக்கும் வழி நாடப்பட்டது. தாளையடி ஆலை 2024 இலேயே திறக்கப்பட்டது. இடையிற் கழிந்தவை பதினான்கு ஆண்டுகள்.

நுட்பத்தைத் தமிழில் விளக்கவியலாது என்பார் மானிப்பாயை மறந்தவர்கள். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் அங்கு 1864 இலேயே தமிழில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தம் மாணவரோடு கூடியிருந்து நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். அன்று இயன்றது இன்று இயலாதா?

ஆதலின், எக்குழுவும் பணி தொடங்குமுன் ஒவ்வொருவரும் தாம் அறிந்ததையும் அறியாததையும் எளிய தமிழிற் கூறட்டும். கேட்டவர் அதனைத் தம் சொல்லில் மீளக் கூறட்டும். அது அவரால் இயலாதாயின், குறை சொன்னவருடையதே, மீண்டும் விளக்கட்டும். வரைபடத்திலே கோடு விழுமுன் இது நிகழவேண்டும். கோடு விழுந்தபின் நடைபெறுவது கலந்துரையாடலன்று, வெறும் அறிவித்தலே.

கலைப்பீட மாணவராகிய நாமும் இப்பொறுப்பிலிருந்து தப்பவியலாது. விழா மேடையிலே தமிழைப் போற்றிவிட்டு, பொறியியலாளருக்கும் கமக்காரருக்கும் இடையில் அதே தமிழ் தேவைப்படும் வேளையில் ஒதுங்கி நிற்போமாயின், நாம் கற்ற மொழியால் யாருக்குப் பயன்?