வெள்ளிக்கிழமை எங்கே போகிறார்கள்?

தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) பிரதமப் பேராயர் அவர்களுக்கு,



சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஒரு சி.எஸ்.ஐ. குடும்பம் வாரத்தில் எங்கெங்கே போகிறது என்று பார்த்தாலே போதும், திருச்சபையின் நிலவரம் புரிந்துவிடும். ஞாயிறு காலை பெரிய கோயில். சந்தா பாக்கியில்லை; மகளுக்குக் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும், நாளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கோ அடுத்த தெருவின் மொட்டைமாடிக் கொட்டகை. அங்கே பிளாஸ்டிக் பாய், ஒரு கீபோர்டு, ஜெபிக்கச் சொல்லி நீட்டப்படும் எண்ணெய்ப் பாட்டில்கள், பெயர் சொல்லித் தலையில் கைவைக்கிற பாஸ்டர். சில வருஷத்தில் பெரிய கோயிலுக்குச் சந்தா மட்டும் போகும், ஆள் போகமாட்டார்.

இது நேற்று வந்ததல்ல. மானிடவியலாளர் லயனல் கேப்லன், சென்னையின் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களைப் பற்றி 1987இல் வெளியிட்ட நூலிலேயே இதை விவரித்திருக்கிறார். மிஷனரிகளின் வழியில் படித்த ஆயர்களுக்குப் பேயும் செய்வினையும் மூடநம்பிக்கை. எளிய விசுவாசிக்கோ அது தீராத வயிற்றுவலி, தங்காத கர்ப்பம். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றது ஒரு சபை. வாங்க, ஜெபிக்கலாம் என்றது இன்னொன்று. கூட்டம் எந்தப் பக்கம் போகும்?

கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் ஆள் வரும் என்ற கணக்கும் பலிக்காது. 1920களில் கொழும்பில் பாஸ்டர் பவுல் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனில் நகை கூடாது, மருந்து கூடாது; ஊழியர்கள் மணமுடிக்காமல் விசுவாச வீட்டில் வாழ்கிறார்கள். இருந்தும் தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூர் கன்வென்ஷனுக்கு ஜனம் ரயிலேறி வருகிறது. (மருந்து வேண்டாம் என்பது ஆபத்தான போதனை, அதற்குப் பரிந்து பேச ஒன்றுமில்லை.) விசுவாசியிடம் எதையாவது கேட்கிற சபைதான் வளர்கிறது என்று அமெரிக்காவின் டீன் கெல்லி 1972இலேயே எழுதியிருக்கிறார்.

சி.எஸ்.ஐ. என்ன கேட்கிறது? பெரும்பாலும் ஓட்டு.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒரே சபையானபோது உலகக் கிறிஸ்தவமே திரும்பிப் பார்த்தது. 2024இல் அதே திருச்சபையின் உச்ச மன்றமான சினாட்டின் நிர்வாகத்தைக் கவனிக்க, ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்து உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். சேகரத் தேர்தல் என்றால் அணி, நோட்டீஸ், பிரியாணி. ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரைப் பார்க்க ஆயருக்கு நேரம் ஏது?

மாடிக் கொட்டகைகளிலும் குறையில்லாமல் இல்லை. வரவுசெலவுக் கணக்கு பாஸ்டர் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். பாஸ்டருக்குப் பின் பெரும்பாலும் மகன். ஆனால் பெரிய கோயில்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டது டிரம்ஸையும் எல்.இ.டி. திரையையும் மட்டுமே. கீர்த்தனை போனதுதான் மிச்சம்.

கற்க வேண்டியது சொந்த வீட்டிலேயே இருந்தது. மெஞ்ஞானபுரத்தில் 192 அடிக் கோபுரம் எழுந்த காலத்தில் நெல்லைக் கிராமங்களில் சபையைத் தாங்கியவர் உபதேசியார். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தந்து, சாயங்காலம் மணியடித்து ஜெபம் நடத்தி, காய்ச்சல் கண்ட வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர். இன்று வெள்ளிக்கிழமை பாஸ்டர் செய்வதும் ஏறக்குறைய அதே வேலை.

அடுத்த சினாட் கூட்டத்தில் சொத்து, வழக்கு, தேர்தல் எல்லாவற்றுக்கும் முன்னால் உபதேசியார் நியமனத்தையும் அவர்கள் சம்பளத்தையும் தாங்கள் விவாதத்துக்கு எடுக்கலாம். ஆயர்களைக் கமிட்டிகளிலிருந்து வாரத்தில் மூன்று நாளாவது விடுவிக்கலாம். இதற்கு எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை.