சோதனைத் தட்டில் வென்ற சாறு மருந்தாகி விடுமா?

மூலிகைச் சாறு ஒன்று பெருங்குடல் புற்றுநோய் உயிரணுக்களை அழித்தது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. அதைத் தொடர்ந்து அம்மூலிகையின் பொடி விற்பனைக்கு வருகிறது. "பயிரிட்டால் நல்ல விலை" என்று சொல்லிக்கொண்டு ஆட்களும் வருகிறார்கள். நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் விவசாயிகள் இத்தகைய பேச்சை நிதானமாக எடைபோட வேண்டும்.

புதிய சோள ரகம் ஒரு தொட்டியில் செழித்தது என்பதற்காக யாரும் அதை மானாவாரியில் விதைக்கச் சொல்வதில்லை. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களும் நிலையத்திலும், பல ஊர்களிலும், விவசாயிகளின் நிலத்திலும் தேறிய பிறகே வெளிவருகின்றன. மருந்துக்கும் இதே முறைதான். கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணுக்கள் மீது சாற்றை விட்டுப் பார்ப்பது முதல் படி மட்டுமே. உப்பைக் கூடுதலாகக் கரைத்து ஊற்றினாலும் அவை செத்துவிடும். நல்ல உயிரணுக்களைச் சாறு கெடுக்காதா, நோயுள்ள இடத்துக்குப் போய்ச் சேருமா, எந்த அளவில் நஞ்சாகும் என்பதை எலிகளிலும், பின்னர் மனிதரிடம் மூன்று கட்டமாகவும் பார்த்தாக வேண்டும். பெரும்பாலான சாறுகள் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன.

தேறியதும் உண்டு. சீன மரம் ஒன்றிலிருந்து காம்ப்டோதீசின் என்ற பொருளை வால், வானி என்ற விஞ்ஞானிகள் 1966-இல் அமெரிக்காவில் பிரித்தெடுத்தார்கள். அது நமது மேற்குத் தொடர்ச்சி மலையின் மாப்பியா மரத்திலும் இருப்பதை டி.ஆர். கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் 1972-இல் தெரிவித்தார்கள். ஆனால் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிறுநீர்ப்பை கடுமையாகப் பாதிக்கப்பட்டதால் அந்தச் சோதனை கைவிடப்பட்டது. ஜப்பானியர் அப்பொருளை மாற்றியமைத்து இரினோடீகான் என்ற மருந்தாக்கினர். பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்கா அதை அனுமதித்தது 1996-இல். முப்பது ஆண்டுகள்!

தென்மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிராகும் நித்தியகல்யாணியும் இப்படித்தான். அதிலுள்ள வின்கிரிஸ்டின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. பெருங்குடல் புற்றுநோய்க்கு அன்று. ஒரு டன் காய்ந்த இலையில் சில கிராம் கிடைப்பதே அரிது. அதைப் பிரித்தெடுத்து, அளந்து, மருத்துவர் மேற்பார்வையில் ஊசியாகச் செலுத்துகிறார்கள். இலையைக் காய்ச்சிக் குடிப்பது ஆபத்து.

மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று எண்ணிக் கைவைத்தியம் செய்துகொண்டிருப்பவர்கள் கிராமங்களில் அதிகம். மலம் கழிக்கும் வழக்கம் மாறினாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், இரத்தசோகை வந்தாலும் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்குச் சென்று காட்ட வேண்டும். ஆரம்பத்தில் கண்டால் அறுவைச் சிகிச்சையால் குணமாகும் நோய் இது. பொடியில் கழியும் ஆறு மாதம் உயிரையே கேட்டுவிடும். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது.

மூலிகை ஆராய்ச்சி தொடரட்டும். அதனால் நாட்டுக்கு நன்மையே. ஆனால் ஆய்வுச் செய்தியை நம்பி மிளகாய், உளுந்து நிலத்தை மாற்றுவது சரியன்று. வாங்குபவர் யார், எந்தத் தரம், என்ன விலை என்பதை எழுத்தில் பெற்ற பின்பே, அதுவும் சிறு பரப்பில், விதைப்பது நல்லது.