படிக்கும் வாசலும் எழுதும் வாசலும்

அரூரை அடுத்த தீர்த்தமலையின் அடிவாரச் சிற்றூர்களில் கேட்டெழுதிய கதைகளை இணையத்தில் தொகுக்கும் முயற்சியை நண்பர்கள் சிலர் மறுபடியும் தொடங்கியிருக்கிறோம். முதல் முயற்சியில் ஒரே இரவில் 43 பதிவுகள் மறைந்துபோயின. யாரும் களவாடவில்லை. ஒவ்வொரு பதிவின் கீழும் 'அழி' என்று ஒரு சாதாரண இணைப்பை வைத்திருந்தோம், கடவுச்சொல்லும் கேட்கவில்லை. தேடுபொறியின் நிரலி வந்து, கண்ணில் பட்ட இணைப்புகளையெல்லாம் வரிசையாகத் திறந்து பார்த்தது. அதனளவில் அது படித்துக்கொண்டுதான் இருந்தது. கதை சொன்ன பாட்டிகளில் இருவர் இன்று இல்லை. நகல் எடுத்து வைக்காதது எங்கள் மடமை.

இது புதிய விபத்தும் அல்ல. 2005இல் கூகிள் வெளியிட்ட 'வெப் ஆக்சிலரேட்டர்' என்னும் மென்பொருள், பயனர் சொடுக்குமுன்பே இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டது. சில இணையச் செயலிகளில் பயனர்களின் குறிப்புகள் அழிந்தன. பழி கூகிள்மீது விழுந்தது. எனக்கென்னவோ, அழிப்பதைப் படிப்பதுபோல வேடமிட வைத்த செயலிகளின் பிழையாகவே அது தோன்றுகிறது. 'கெட்' என்னும் கோரிக்கை எடுத்துத் தருவதோடு நிற்க வேண்டும், மாற்றங்களை 'போஸ்ட்' போன்றவற்றின் வழியே செய்ய வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் எச்.டி.டி.பி. வரையறையே சொல்லியிருந்தது.

இப்போது எங்களுக்குள் வாக்குவாதம், ஏ.பி.ஐ. பற்றியது, அதாவது பிற மென்பொருள்கள் எங்கள் தொகுப்பை அணுகும் வாசல். சின்னத் தொகுப்புக்கு இரண்டு வாசல் எதற்கு, ஒரே முகவரியில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளலாமே என்கிறார் நண்பர். வேலை மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் ஒரே வாசல் என்றால், எழுதுபவருக்கு அஞ்சிப் படிப்பவருக்கும் பூட்டுப் போட வேண்டி வரும். நூலகப் புத்தக ஓரங்களில் பென்சிலால் விமரிசனம் எழுதும் அன்பர்களுக்காக நூலகத்தையே மூடுவதைப் போன்றது அது.

விக்கிப்பீடியாவைப் பாருங்கள். அதன் ஏ.பி.ஐ.யில் ஒரு கட்டுரையைப் படிக்கக் கணக்குக்கூட வேண்டாம். திருத்துவதென்றால் 'போஸ்ட்' வழியே, அதற்கென முன்கூட்டிப் பெற்ற அடையாளச் சரத்துடன் வர வேண்டும். இந்தப் பிரிவினை பாதுகாப்புக்கு மட்டுமல்ல. 2022 முதல் படிக்கும் கோரிக்கைகளை வர்ஜீனியா, டெக்சஸ் ஆகிய இரண்டு தரவு மையங்களும் ஏற்கின்றன. எழுதுவதெல்லாம் முதன்மையான ஒன்றுக்கே போகிறது. படிப்பவர் எத்தனை பேர் பெருகினாலும் நகல்களைப் பெருக்கிச் சமாளிக்கலாம்.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. திருத்தியவர் உடனே திரும்பிப் பார்த்தால், நகலில் பழைய வாசகமே தெரியக்கூடும். நம் எழுத்தாளர்கள் இதைப் பொறுப்பார்களா! ஆகவே எழுதியவரைச் சில விநாடிகள் முதன்மை மையத்துக்கே அனுப்புகிறார்கள்.

எங்கள் அளவுக்கு இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை. படிக்கும் வாசல் தரவுத்தளத்தை அணுகும்போது அதற்குப் படிக்கும் உரிமை மட்டுமே இருக்கட்டும் என்கிறேன். அந்த வாசலின் நிரலில் நாங்கள் பிழை செய்தாலும் அதனால் ஒரு வரியையும் அழிக்க இயலாது. எழுதும் வாசலில் கடவுச்சொல் இருக்கட்டும். அழித்த பதிவும் முப்பது நாள் ஓர் ஓரத்தில் கிடக்கட்டும். நண்பர் இன்னும் இசையவில்லை. எஞ்சியிருக்கும் பாட்டிகளிடம் கதைகளை மறுபடி கேட்கப் போன மாதம் சென்றபோது, முன்பே சொன்னேனே, அதை என்ன செய்தீர்கள் என்று ஒருவர் கேட்டார்.