முதல் சொட்டைத் துடைத்துவிடு

எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவர்களுக்கு உடலியங்கியல் ஆய்வகத்தில் ஒரு நாள் வரும். அதற்கு முந்தைய இரவே விடுதியில் அதைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும். தன் விரலைத் தானே குத்தி ரத்தம் எடுக்க வேண்டிய நாள் அது. இடது கை மோதிர விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, லான்செட்டால் ஒரு குத்து. வரும் முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். ஸ்பிரிட்டும் திசுநீரும் கலந்திருப்பதால் அது கணக்கில் சேராது. இரண்டாவது சொட்டைத்தான் பிப்பெட்டில் ஏற்ற வேண்டும். நான் பாடம் எடுத்த ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் இந்த இடத்தில்தான் ‘தொப்’பென்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது.

பெரும்பாலும் விழுந்தது குத்திக்கொண்டவர் அல்ல. பக்கத்தில் சும்மா நின்று நண்பனின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். ஒரு வருடம், மாவட்ட அளவில் கபடி ஆடிய பையன் ஒருவன் ஆறடி உயரமும் அப்படியே சரிந்தான். அன்று மாலை அவனுடைய அப்பா போன் செய்தார். “சார், பையனுக்கு ரத்தம் பார்த்தா ஆகாது போலிருக்கு. இப்பவே சீட்டை விட்டுடலாமா, இல்ல இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?” இரண்டு வருடக் கோச்சிங், கடன், ஊரெல்லாம் வாழ்த்து பேனர் எல்லாம் அந்தக் குரலில் இருந்தன. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளும் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறார்கள்: “டாக்டராகணும்னு ஆசை. ஆனா யாருக்காவது காயம் பட்டாலே கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நீட் எழுதறது வீண்தானா?”

வீண் இல்லை. ஆனால் அதை அப்படியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நம்புவார்கள்.

வழியில் பாம்பைப் பார்த்தால் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், கால்கள் ஓடத் தயாராகும். அந்த நிலையில் எளிதில் மயக்கம் வராது, அழுத்தம் ஏறியிருக்கிறதே. ரத்தத்தையோ ஊசியையோ கண்டு வரும் பயம் வேறு ரகம். அதிலும் முதல் சில நொடிகள் பாம்பைக் கண்டதுபோலத்தான் எல்லாம் ஏறும். அப்புறம் திடீரென்று எல்லாம் தலைகீழாகிவிடும். வேகஸ் என்ற நரம்பு இதயத்தின் வேகத்தைப் பிடித்து இழுக்கும். (ஊசி போடும்போது “நரம்பு கிடைக்கல” என்கிறோமே, அது ரத்தக்குழாய். இது நிஜமான நரம்பு.) அதே சமயம் கால்களில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிந்து தளரும். ரத்தம் கீழே தேங்கும், அழுத்தம் சரியும். வாட்டர் பிரஷர் குறைந்தால் கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டும், மாடியில் சொட்டுகூட வராது இல்லையா? நிற்கும் மனிதனுக்கு மூளைதான் மாடி வீடு. அங்கே சில நொடிகள் ரத்தம் குறைந்தால் ஆள் விழுந்துவிடுவார்.

விழுந்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன, மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறது, ஒரு நிமிடத்துக்குள் கண் திறக்கிறார். விழுவதே உடம்பு தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம் மாதிரிதான். நம் ஊரில் அதைக் கெடுத்துவிடுகிறோம். நாலு பேர் சேர்ந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சோடா தெளிக்கிறோம். அவரைப் படுக்கவைத்துக் கால்களைத் தூக்கிப் பிடித்தாலே போதும். மயங்கும்போது சிலருக்குக் கைகால் இரண்டு மூன்று தடவை வெட்டி இழுக்கும். உடனே யாராவது ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். அது வலிப்பு நோயல்ல; சாவிக்கும் அங்கே வேலையில்லை. வலிப்பு நோய்க்கும் சாவியால் பயனில்லை என்பது தனிக் கதை.

ஆக இது கோழைத்தனம் அல்ல, ஒரு அனிச்சைச் செயல். கண்ணில் தூசி பட்டால் இமை மூடுவதைப் போல. கபடியில் மூட்டு பெயர்ந்தும் அசராத பையன் ஒரு சொட்டு ரத்தத்துக்குச் சரிந்தது இதனால்தான். இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு. வகுப்பில் மயங்கியவர்களிடம் விசாரித்தால், அம்மாவோ மாமாவோ ஊசிக்கு மயங்குபவராக இருப்பார்.

இந்த இடத்தில் சார்லஸ் டார்வினை எல்லோரும் இழுப்பார்கள். 1825-ல், பதினாறு வயதில், எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போனார். இரண்டு அறுவைச் சிகிச்சைகளைப் பார்த்தார். அதில் ஒன்று குழந்தைக்கு நடந்தது. இரண்டிலும் முடியும் முன்பே வெளியே ஓடிவிட்டார். பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை, படிப்பையும் விட்டார். ரத்தம் கண்டு ஓடியவர் பெரிய விஞ்ஞானியானார் என்று கதையை முடித்துவிடுகிறோம். ஆனால் அவர் பார்த்தது என்ன என்பதை யோசிக்க வேண்டும். குளோரோஃபார்ம் மயக்க மருந்தாக வந்தது 1847-ல். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், விழித்திருக்கும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு அறுக்கிறார்கள். அந்த அலறலைக் கேட்டு ஓடாதவரைத்தான் நான் சந்தேகிப்பேன்.

எனக்கு மகனைவிட அப்பாவின் கதைதான் முக்கியம். ராபர்ட் டார்வினும் ரத்தத்தைக் கண்டால் தாங்கமாட்டாதவர். ஒருவருக்கு ரத்தம் எடுப்பதைக்கூட அவரால் பார்க்க முடியாது, அந்த அருவருப்பு தனக்கும் வந்துவிட்டது என்று மகனே எழுதியிருக்கிறார். சிகிச்சை என்றாலே ரத்தத்தை வடியவிடுவது என்றிருந்த காலம் அது! அதே ராபர்ட், இருபத்தொரு வயது நிறையும் முன்பே ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் வைத்தியம் பார்க்க உட்கார்ந்தார். பல பத்தாண்டுகள் அந்த வட்டாரத்தில் பேர்பெற்ற மருத்துவராக இருந்தார். ஒரே வீட்டில் ஒரே சுபாவம் இருவருக்கு. ஒருவர் விட்டார், ஒருவர் இருந்தார்.

ராபர்ட்டுக்குக் கிடைக்காத ஒன்று இன்று நமக்குக் கிடைக்கிறது. 1980-களில் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் ஒரு எளிய பயிற்சியை வகுத்தார். பயந்தவரிடம் நாம் வழக்கமாக என்ன சொல்கிறோம்? “மூச்சை இழுத்து விடு, உடம்பைத் தளர்த்து, ரிலாக்ஸ்.” பாம்புப் பயத்துக்கு அது சரி. ரத்த மயக்கத்துக்கு அது எதிரி. ஏற்கெனவே சரியும் அழுத்தம், தளர்த்தினால் இன்னும் சரியும். ஓஸ்ட் அதைத் திருப்பிப் போட்டார்: தளர்த்தாதே, இறுக்கு.

செய்முறை இதுதான். உட்கார்ந்துகொண்டு, கைமுட்டிகளை மடக்கி, புஜம், மார்பு, தொடை, பிட்டம் எல்லாத் தசைகளையும் ஒருசேர இறுக்க வேண்டும். பத்துப் பதினைந்து வினாடியில் முகத்தில் சூடு ஏறுவது தெரியும். அதுதான் அடையாளம், மாடிக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. பிறகு விட வேண்டும். ஆனால் துணிபோலத் துவண்டுவிடக் கூடாது, சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் நிலைக்குத் திரும்பினால் போதும். இருபது முப்பது வினாடி இடைவெளி, மறுபடியும் இறுக்கல். இப்படி ஐந்து தடவை. வீட்டில் சில வாரம் பழகிவிட்டால், தேவைப்படும் நேரத்தில் யாருக்கும் தெரியாமல் வெறும் தொடையை மட்டும் இறுக்கியே சமாளிக்கலாம். ரத்தம் எடுக்கும் கையை மட்டும் தளர்வாக விட வேண்டும். இதயக் கோளாறோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

எப்போது இறுக்குவது என்பதும் தெரிய வேண்டும். மயக்கம் சொல்லாமல் வருவதில்லை. முதலில் கொட்டாவி வரும். யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. தூக்கம் வருகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிறகு வயிற்றைப் புரட்டும், உள்ளங்கை சில்லிட்டு வேர்க்கும், காது அடைக்கும், பார்வை ஓரங்களிலிருந்து இருளும். கொட்டாவியிலேயே பிடித்துவிட வேண்டும். காது அடைத்த பிறகு தசையை இறுக்க யோசிப்பதைவிடத் தரையில் உட்கார்ந்துவிடுவது மேல்.

இறுக்கக் கற்றதும் பழக வேண்டும். பழகுவதற்கென்று பிள்ளைகள் செய்யும் காரியம் என்னவென்றால், நடுராத்திரியில் போனில் விபத்து வீடியோ பார்ப்பது. அதனால் ஒன்றும் ஆகாது. அங்கே கட்டைவிரல் எப்போதும் தயாராக இருக்கிறது; பயம் உச்சிக்கு வந்ததும் தள்ளிவிடும். உச்சியில் விலகிப் போனால் உடம்பு கற்றுக்கொள்வது ஒன்றுதான்: “ஓடினதால தப்பிச்சேன்.” பயம் ஏறி, நின்று, தானாக இறங்கும்வரை அங்கேயே இருந்தால்தான் பழக்கம் வரும். அதற்கு வீட்டிலேயே வழி உண்டு. ஞாயிற்றுக்கிழமை அம்மா மீன் ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து செதில் உரிக்கலாம், அடுத்த வாரம் குடல் எடுக்கலாம். பாட்டியைச் சர்க்கரை டெஸ்டுக்கு அழைத்துப் போகும் வேலையை அண்ணனிடம் தள்ளாமல் தானே எடுத்துக்கொள்ளலாம். லேப்பில் வெளியே நிற்காமல் உள்ளே போய், கையில் ரப்பர் பட்டை கட்டுவதிலிருந்து பஞ்சு வைத்து மடக்குவதுவரை பார்க்கலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, புது ஊசியால் தன் விரலையே ஒரு நாள் குத்திப் பார்க்கலாம். பதினெட்டு வயது ஆனதும், எடையும் உடல்நிலையும் இடம் கொடுத்தால், ரத்த தானம். நாங்கள் படித்த காலத்தில் கல்லூரிக்கு வருமுன்பே தவளையும் கரப்பானும் அறுத்துக் கொஞ்சம் மரத்துப்போயிருந்தோம். இன்றைய பிள்ளைக்கு நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே இரண்டு வருடம் போய்விடுகிறது. முதல் ரத்தத்தைக் கல்லூரியில்தான் பார்க்கிறது.

ஆபரேஷன் தியேட்டரை நினைத்துத்தான் பலருக்கும் நடுக்கம். உள்ளே போனால் பார்ப்பது, பச்சைத் துணிகளுக்கு நடுவே ஒரு சிறு சதுரம். முகம் தெரியாது. கசியும் ரத்தத்தை உடனுக்குடன் உறிஞ்சி எடுக்கிறார்கள், மின்சூட்டால் அடைக்கிறார்கள். பிரிட்டனில் 630 மருத்துவ மாணவர்களிடம் கேட்டு 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. 77 பேர் தியேட்டரில் மயங்கியோ மயக்கத்தின் விளிம்புக்குப் போயோ இருந்தார்கள். காரணம் கேட்டதற்கு அவர்கள் அதிகம் சொன்னது ரத்தத்தை அல்ல. அறையின் வெப்பத்தையும் நெடுநேரம் நிற்பதையும்தான். எனவே சாப்பிடாமல் தியேட்டருக்குப் போகாதீர்கள். தண்ணீர் குடியுங்கள். முழங்காலைப் பூட்டியதுபோல விறைத்து நிற்காமல் கெண்டைக்காலை அசைத்துக்கொண்டே இருங்கள். தலை சுற்றினால் “சிஸ்டர், ஒரு மாதிரியா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்து சுவரோரம் தரையில் உட்காருங்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள், அங்கே நிற்பவர்களில் சிலரும் ஒரு காலத்தில் அதே சுவரோரம் உட்கார்ந்தவர்கள்தான். மேஜைமேல் விழுந்தால்தான் பிரச்சினை.

மனநலம், தோல், கதிரியக்கம் என்று ரத்தம் குறைந்த துறைக்குப் போய்விடலாமே என்பார்கள். போகலாம், ஆனால் நாலரை வருடப் படிப்பும் ஒரு வருட உள்ளிருப்புப் பயிற்சியும் (சி.ஆர்.ஆர்.ஐ.) முடித்த பிறகு. பிரசவ வார்டையும் கேஷுவாலிட்டியையும் சுற்றிக்கொண்டு போகக் குறுக்கு வழி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னிடம் “ரத்தம் ஆகாது” என்று வந்த சிலருக்கு ரத்தம் பிரச்சினையே இல்லை. அவர்களுக்கு மருத்துவம் படிக்க விருப்பமில்லை. “எனக்கு இது பிடிக்கல” என்றால் வீட்டில் எடுபடாது. “மயக்கம் வருது” என்றால் எடுபடும். பெற்றோர் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: இந்த மயக்கம் இல்லையென்றால் உனக்கு டாக்டராக ஆசையா? பதில் வருவதற்கு ஆகும் நேரத்தைக் கவனித்தாலே தெரிந்துவிடும்.

கபடிப் பையனின் அப்பாவிடம் அவ்வளவெல்லாம் பேசவில்லை. திங்கட்கிழமை இட்லி சாப்பிட வைத்து அனுப்புங்கள் என்றேன். வந்தான். அவனை வேடிக்கை பார்க்க விடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன். கையில் வேலை இருப்பவருக்கு மயக்கம் குறைவு என்பது என் அனுபவம். சாலி கருவியில் ஹீமோகுளோபின் பார்க்கும்போது ரத்தம் அமிலத்தில் விழுந்த சில நிமிடங்களில் பழுப்பாகி, கட்டங்காப்பி நிறத்துக்கு வந்துவிடும். அப்புறம் கவலையெல்லாம் பக்கத்துக் கண்ணாடியின் நிறத்தோடு அது ஒத்துப்போகிறதா என்பதில்தான். அவனும் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு கொட்டாவி வந்தது, நான் சொல்லிவைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்து தொடையை இறுக்கினான், மறுபடி எழுந்தான்.

அடுத்த வாரம் ரத்தம் நிற்கும் நேரத்தைக் கணக்கிடும் பயிற்சி. விரலைக் குத்தி, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை வடிதாளில் ஒற்றி எடுக்க வேண்டும். ஜோடியில் யார் விரல் நீட்டுவது என்று பேச்சு வந்தபோது அவன் தன் விரலை நீட்டினான். ரெக்கார்டு நோட்டில் அதைச் சிவப்புப் பென்சிலால் வரைந்திருந்தான்: வரிசையாக ஐந்து புள்ளிகள், ஒன்றைவிட ஒன்று சிறியது, கடைசியில் வெறும் தாள். கீழே நேரம்: 2 நிமிடம் 30 வினாடி.