கட்டைவிரல் சொல்லும் கணக்கு

நெய்வேலி மாணவர்களுக்கு இது தெரிந்த செய்திதான். பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்துடன் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. இரவு பகலாக நீரை இறைத்து, கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்துதான் அங்கே சுரங்கம் வெட்டுகிறார்கள். "தரை காய்ந்துதானே இருக்கிறது!" என்று கண்ணை மட்டும் நம்பி யாரும் வேலையைத் தொடங்குவதில்லை. அறுவை சிகிச்சை அரங்கிலும் இந்த ஒழுங்கு கட்டாயமாக வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போமா?

வயிற்றைத் திறந்து அறுவை செய்ய, நோயாளி உறங்கினால் மட்டும் போதாது. தசைகளும் தளர வேண்டும். தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய குராரே என்னும் நஞ்சு இதற்கு உதவியது. 1942 ஜனவரி 23 அன்று மான்ட்ரியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித், எனிட் ஜான்சன் ஆகிய மருத்துவர்கள் இதைக் கையாண்டு காட்டிய பிறகு தசைத் தளர்த்திகள் பரவலாயின.

நரம்பு முனையிலிருந்து வெளிப்படும் அசிட்டைல்கோலின், தசையிலுள்ள ஏற்பிகளில் பொருந்தினால்தான் தசை சுருங்கும். குராரே போன்ற மருந்துகள் அந்த இடத்தை அடைத்துக்கொள்கின்றன. மூச்சுத் தசைகளும் செயலிழப்பதால், கருவியே நோயாளிக்குச் சுவாசம் கொடுக்கிறது.

ஆபத்து, அறுவை முடிந்த பிறகு காத்திருக்கிறது. உதரவிதானம் விரைவில் தேறிவிடும். தொண்டைத் தசைகள் தாமதமாகத்தான் தேறும். ஆகவே நோயாளி மூச்சு விடுவதைப் பார்த்துக் குழாயை எடுத்துவிட்டால், தொண்டை தளர்ந்து காற்றுவழி அடைபடலாம். எச்சில் நுரையீரலுக்குள் இறங்கலாம்.

இதை எப்படி அளப்பது? 1970ஆம் ஆண்டில் அலி, அட்டிங், கிரே ஆகியோர் எளிய வழி ஒன்றை வெளியிட்டார்கள். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஓடும் நரம்புக்கு அரை விநாடிக்கு ஒன்றாக 4 மின்துடிப்புகள் தரவேண்டும். கட்டைவிரல் 4 முறை துடிக்கும். மருந்து மிச்சமிருந்தால் துடிப்புகள் படிப்படியாக வலுவிழக்கும். நான்காவது துடிப்பை முதல் துடிப்பால் வகுத்தால் வரும் விகிதம் 0.9 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

"அனுபவமுள்ள மருத்துவர் விரலைப் பார்த்தே சொல்லிவிடுவாரே, கருவிக்கு ஏன் செலவு?" என்று சிலர் கேட்கலாம். விகிதம் 0.4 அளவைத் தாண்டிவிட்டால் தேர்ந்த கண்ணுக்கும் கைக்கும்கூட நான்கு துடிப்பும் ஒன்றுபோலவே தோன்றும். 0.4க்கும் 0.9க்கும் இடையில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது! அதனால்தான் விகிதத்தை எண்ணாகக் காட்டும் கருவியைப் பயன்படுத்துமாறு அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2023இல் பரிந்துரைத்தது.

மாணவர்களே, அனுபவம் பெரிதுதான். ஆனால் புலன்களுக்கு எட்டாத இடத்தில் அனுபவமும் ஊகமாகிவிடுகிறது. தசைத் தளர்த்தி கொடுக்கும் ஒவ்வோர் அரங்கிலும், பெருநகரமானாலும் நகரியமானாலும், இக்கருவி இருந்தாக வேண்டும். நிலத்தடி நீருக்குக் காட்டும் எச்சரிக்கையை மனிதனின் மூச்சுக்கும் காட்ட வேண்டாமா?